சங்கிலியில் ஆறாவது பூட்டு

சேனாபதி அமெரிக்காவில் பார்த்த வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: யாரையும் உள்ளே விடாமல் இருப்பது.

சான்டா கிளாராவுக்குக் கிழக்கே, மலைகளுக்குள், மூவோடை நீர் வாரியத்துக்கு ஓர் ஏரியும் அணையும் அவற்றைச் சுற்றிக் காடும் இருந்தன. ஊருக்குப் போகும் குடிநீர் என்பதால் அங்கே மனிதக் கால் படக்கூடாது என்பது வாரியத்தின் கொள்கை. கோயம்புத்தூரில் சிவில் படித்துவிட்டு வந்த சேனாபதி, அந்தக் கொள்கைக்கு வேலி, கேட், பூட்டு, எச்சரிக்கைப் பலகை ஆகியவற்றால் உருவம் கொடுத்தவர். நீர்ப்பிடிப்புப் பகுதி மேற்பார்வையாளர் என்பது பதவியின் பெயர். கேட்டுகளைப் பராமரிக்கும் விதிமுறைக் கையேட்டை எழுதியவரும் அவர்தான். அதை அவரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

இப்படி ஒரு பள்ளத்தாக்கையே உலகத்துக்கு எதிராகப் பூட்டி வைத்திருந்த மனிதர், தன் வீட்டு வாசலில் யாராவது நின்றால் பொறுக்கமாட்டார். பார்சல் கொண்டுவருகிறவரைக்கூட "வாங்க, வாங்க" என்று உள்ளே இழுத்துக் காபி கொடுத்துவிடுவார். அவர் மனைவி சாந்தாமணியோ கோபிசெட்டிபாளையத்துக்காரி. காபியோடு நிறுத்த அவளுக்குத் தெரியாது. வீட்டில் இரண்டு பேர்தான், ஆனால் மாவு எப்போதும் பத்துப் பேருக்கு இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் வாரியத்துக்கு மனசாட்சி வந்தது. கலிஃபோர்னியாவில் பல அலுவலகங்களுக்கு அப்போது வந்துகொண்டிருந்தது, இவர்களுக்கும் வந்தது. ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் தலைவர் எழுந்து நின்று, இந்த நிலம் ஓலோனி என்னும் பூர்வகுடி மக்களுடையது, அவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள் என்று ஒரு பத்தி வாசிப்பார். எல்லோரும் தலை குனிந்து கேட்பார்கள். பிறகு நிமிர்ந்து, அந்த நிலத்தின் வேலியைச் செப்பனிட நிதி ஒதுக்குவார்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு இருமல்கூடக் கேட்காது.

அந்த மக்களில் சில குடும்பங்கள் சேர்ந்த சங்கத்துக்குக் கார்மெலா வியேகாஸ் தலைவி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பேருந்து நிறையக் குழந்தைகளைக் கண்ணாடியில் பார்த்தே அடக்கிய அனுபவம் அவர் பார்வையில் மிச்சமிருந்தது. முதல் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். தலைவர் அந்தப் பத்தியை உருக்கமாக வாசித்து முடித்ததும் கார்மெலா கேட்டார்:

"நன்றி. எங்கள் நிலம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேட்டை எப்போது திறப்பீர்கள்?"

எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

நல்லிணக்கக் கூட்டுறவு என்று பேர் வைத்து ஒரு குழு அமைந்தது. அதில் வாரியத்தின் சார்பில் இரண்டு தமிழர்கள் இருந்தது தற்செயல்தான். ஒருத்தி மக்கள் தொடர்பு அதிகாரி ஷ்யாமளா. மைலாப்பூரில் வளர்ந்தவள். எந்த விஷயத்துக்கும் பத்திரிகைக் குறிப்பு ஒன்றைத் தயாராக வைத்திருப்பாள், விஷயம் நடந்த பிறகு தேதி மட்டும் போட்டால் போதும். இன்னொருவர் சேனாபதி. திறப்பதைப் பற்றிப் பேசும் குழுவில் பூட்டுகிறவரை எதற்குப் போட்டார்கள் என்றால், எது எங்கே பூட்டியிருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கார்மெலாவுக்கும் சேனாபதிக்கும் பிடித்துப்போனதற்குக் காரணம் நல்லிணக்கம் இல்லை, நேரம். இருவரும் எந்தக் கூட்டத்துக்கும் கால் மணி முன்னால் வந்துவிடுவார்கள். காலி அறையில் உட்கார்ந்து பேசிப் பேசி, கார்மெலாவின் மூட்டுவலியும் சேனாபதியின் சர்க்கரையும் பரஸ்பரம் தெரிந்துவிட்டன. சாந்தாமணி கொடுத்தனுப்பிய முறுக்கை கார்மெலா டப்பாவோடு எடுத்துக்கொண்டு போனார். டப்பா திரும்பி வரவில்லை. "நூற்றைம்பது வருடப் பாக்கியில் இதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

கார்மெலா கேட்டது பெரிய விஷயமில்லை. ஏரிக்குக் கீழே, ஓடைக்கரையில் ஒரு செடி வளர்கிறது. இலையுதிர் காலத்தில் அதன் தண்டு சிவந்து காய்ந்து நிற்கும். அடியோடு வெட்டி எடுத்தால் நார் கிடைக்கும், கயிறு திரிக்கலாம், வலை பின்னலாம். சங்கத்துக் குடும்பங்கள் வருடத்துக்கு ஒருமுறை போய் எடுத்துவர வேண்டும். செடி சரியாக எங்கே நிற்கிறது என்பதை மட்டும் கார்மெலா சொல்லமாட்டார். முன்பு வேறோர் இடத்தைச் சொல்லி, அடுத்த வாரமே யாரோ படம் எடுத்துப் போட்டு, ஊரே வந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. "கையெழுத்தான அன்றைக்கு நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்."

போவதற்கு வழி? அதில்தான் மூன்று கோடைகள் கழிந்தன.

அந்த மலைப்பக்கத்துக் கேட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. கேட் ஒன்று, உரிமைக்காரர்கள் பலர். சாவியை எல்லோருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தால் கட்டுப்பாடு போய்விடும். அதனால் சங்கிலியில் பூட்டோடு பூட்டைக் கோத்துவிடுவார்கள். பூட்டே சங்கிலியின் கண்ணியாகிவிடும். யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி அவிழும். ஏரிக் கேட்டில் ஐந்து பூட்டுகள் இருந்தன: வாரியத்துடையது, தீயணைப்புத் துறையுடையது, மின்சாரக் கம்பெனியுடையது, உச்சியில் செல்போன் கோபுரம் வைத்திருந்தவர்களுடையது, சரிவில் மாடு மேய்க்கும் பண்ணைக்காரருடையது.

கார்மெலா ஆறாவது பூட்டு கேட்டார்.

சேனாபதி முடியாது என்றார். அவர் கெட்டவரில்லை, கேட் விஷயத்தில் அவருக்கு அப்படித்தான் வரும். கண்ணி கூடக் கூடப் பலம் குறையும், பூட்டு பெருகினால் யார் திறந்துவிட்டுப் போனார் என்று தெரியாது என்றார். மாடுகளுக்கு இருக்கும் உரிமை எங்களுக்கு இல்லையா என்று கார்மெலா கேட்டதற்கு, மாடு பூட்டைத் தொடுவதில்லையே என்று பதிலும் சொன்னார். வாரிய வழக்கறிஞர்கள் மகிழ்ந்துபோய் ஒரு வரைவு எழுதினார்கள். சங்கத்தார் வார நாட்களில், எட்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள், அலுவலகக் கவுண்டரில் கையெழுத்துப் போட்டுச் சாவியை இரவல் வாங்கிப் போகலாம். செடிப்பகுதியில் வேலை நடக்கும்போது வாரியம் 'உரிய முறையில் தகவல் தெரிவிக்க முயலும்'.

மூன்றாவது கோடையில் கார்மெலா இறங்கிவந்தார். "என் முழங்கால் இருக்கிற நிலைமைக்கு இனி பேரம் பேசிக்கொண்டிருக்க முடியாது. செடியையாவது வெட்டுகிறேன். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்."

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஏரிக் கேட்டுக்கு உள்ளேயே கையெழுத்து விழா என்று முடிவாயிற்று. சேனாபதிக்கு அது முக்கியம். டிசம்பரில் ஓய்வு. எத்தனையோ கேட்டுகளைப் பூட்டியவர், போகும்முன் ஒன்றையாவது, அரைகுறையாகவாவது, திறந்துவிட்டுப் போக வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தார். வெளியில் சொல்லவில்லை. சொன்னால் ஷ்யாமளா அதைக் குறிப்பில் சேர்த்துவிடுவாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தோசைக்கு நடுவே, விழா நடக்கும் இடத்தைப் போனில் சாந்தாமணிக்குக் காட்டினார். அவள் கரண்டியை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதென்ன இப்படிப் பொதராட்டம் கெடக்குது? இங்கயா அவிங்களக் கூப்பிட்டு உக்கார வெக்கப் போறீங்க?"

"காடுன்னா அப்படித்தான் இருக்கும் சாந்தா."

"காடு அந்தப் பக்கம் இருக்கட்டும். நீங்க சேர் போடற எடத்தையாச்சும் சுத்தம் பண்ண வேண்டாமுங்களா? விருந்தாளி வர்றப்ப வாசல் இந்த லட்சணத்துல இருந்தா, நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? பாம்பு கீம்பு வேற இருக்கும்."

சேனாபதிக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். மந்திரி வருகிறார் என்றால் முந்தின நாளே சாலையோரம் செதுக்கிச் சுண்ணாம்புப் பொடி தூவுவது அந்தத் துறையின் பக்தி முறை. மகனுக்குச் சுண்ணாம்பு மட்டும்தான் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, கையேட்டில் தானே எழுதிய விதிப்படி, கேட்டருகே இயந்திரம் வருகிறது, வழி சிறிது நேரம் மறிக்கும் என்று பூட்டு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். பண்ணைக்காரர் மாடுகளை மேற்கே ஓட்டிக்கொள்வதாகச் சொன்னார். தீயணைப்புத் துறை நன்றி சொன்னது. மத்தியானத்துக்குள் புல் வெட்டும் இயந்திரம் கேட்டிலிருந்து ஓடைக்கரை வரை வழித்துத் தள்ளிவிட்டது. சேனாபதி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். தரை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை மாதிரி இருந்தது.

சனிக்கிழமை வெயில் இதமாக இருந்தது. பந்தல், வெள்ளை நாற்காலிகள், மேஜை மேல் இரண்டு பேனாக்கள். வாரியத் தலைவர் தன் பத்தியைக் கையில் மடித்து வைத்திருந்தார். சாந்தாமணி, சாண்ட்விச்சை நம்பாமல், ஒரு பெரிய டப்பா முறுக்கோடு வந்திருந்தாள். கார்மெலா, வழக்கம்போலக் கால் மணி முன்னால், சங்கத்துக் குடும்பங்களோடு கேட்டுக்குள் நுழைந்தார்.

நாற்காலியில் உட்காரவில்லை. பந்தலைத் தாண்டி ஓடைப்பக்கம் நடந்தார். குனிந்தார். தரையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு சிவந்த துண்டை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் பிளந்தார். உள்ளிருந்து பட்டு மாதிரி நார் பிரிந்து காற்றில் ஆடியது. அதே மாதிரித் துண்டுகள் கண்ணுக்கு எட்டியவரை இறைந்து கிடந்தன. சில, நாற்காலிக் கால்களுக்கு அடியில்.

சேனாபதி குனிந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். அவர் பக்கத்தில் வந்து நின்ற ஷ்யாமளா கிசுகிசுத்தாள்:

"சார், காண்ட்ராக்டர் தெரியாம வெட்டிட்டான்னு சொல்லிடலாமா? ஒரு ஸ்டேட்மென்ட் ரெடி பண்ணிடறேன்."

"வேண்டாம்மா. காண்ட்ராக்டரே இல்ல. நான்தான்."

கார்மெலா திரும்பினார். பேருந்துக் கண்ணாடிப் பார்வை. "எப்போது வெட்டினீர்கள்?"

"நேற்று. நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார் சேனாபதி. "நீங்கள் வருகிறீர்கள் என்று சுத்தம் செய்தேன்."

"நாங்கள் வருகிறோம் என்று."

"விருந்தாளி வந்தால் எங்கள் வீட்டில் அப்படித்தான்."

சாந்தாமணிக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. டப்பாவை அணைத்தபடி முன்னால் வந்து, தன்னிடமிருந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, தப்பு தன்மேல் என்றும், கெஸ்ட் வருகிறார்கள், க்ளீன் பண்ணுங்க என்று தான்தான் சொன்னதாகவும் சொன்னாள். கார்மெலா அவளையும் டப்பாவையும் பார்த்தார்.

"முறுக்கு செய்கிறவர் நீங்கள்தானா?"

"யெஸ்."

"ரொம்ப நாளாகப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். இப்படிப் பார்ப்போம் என்று நினைக்கவில்லை." பிறகு சேனாபதியிடம்: "சேனா, வெட்டுவதற்கு முன் யாரையாவது கேட்டீர்களா?"

"கேட்காமல் இருப்பேனா? எல்லோருக்கும் போன் செய்தேன். பண்ணைக்காரர், தீயணைப்பு, மின்சாரம், செல்போன் கோபுரம்..." சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. விதி மீறாதவரின் பெருமை. "பூட்டு வைத்திருக்கிற எல்லோருக்கும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

கார்மெலா அந்தத் துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேஜைக்கு வந்து, பேனாவை எடுத்து, மூடியை அழுத்தி மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

"இன்றைக்கு இல்லை" என்றார் தலைவரிடம். "உங்கள் வேலி இல்லாவிட்டால் இங்கே இந்நேரம் வீடுகள் வந்திருக்கும். செடி இருந்திருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலி இருந்தவரை நாங்கள் உள்ளே இருக்கவில்லை. இப்போது செடியும் இல்லை. எட்டு மணிக்கு வந்து சாவி வாங்கி எதை வெட்டுவது?"

குடும்பங்கள் கேட்டை நோக்கி நடக்கத் தொடங்கின. தலைவர், எந்த இடத்தில் வாசிப்பது என்று தெரியாமல், தன் பத்தியைப் பிரித்தார், மடித்தார்.

சேனாபதி நின்ற இடத்திலேயே நின்றார். மூன்று கோடைகளாக அவர் அடுக்கிய காரணங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் இப்போதும் சரியாகவே இருந்தன. அதுதான் அவரை உறுத்தியது. ஆறாவது பூட்டு ஒன்று அந்தச் சங்கிலியில் தொங்கியிருந்தால், வெள்ளிக்கிழமை காலை அவர் கையே தானாக கார்மெலாவின் எண்ணை அழுத்தியிருக்கும். நல்லெண்ணம், கூட்டுறவு எதுவும் வேண்டியிருந்திருக்காது. விதியே பார்த்துக்கொண்டிருக்கும். வாரியத்தில் அந்த விதியை மதிக்கிற ஒரே மனிதர் அவர்தான், அந்த ஒரே மனிதர்தான் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கையேட்டில் ஒரு வரி: கேட் சங்கிலியில் பூட்டு சேர்ப்பதும் நீக்குவதும் மேற்பார்வையாளரின் பொறுப்பு. மற்ற பிரிவுகள் தன் கேட்டில் மூக்கை நுழைக்கக்கூடாது என்பதற்காக அவரே எழுதியது. மூன்று வருடம் தலைவரும் குழுவும் வழக்கறிஞர்களும் விவாதித்த காரியத்தை, ஏதோ ஒரு மத்தியானம் அவர் ஒருவரே, யாரையும் கேட்காமல், செய்திருக்கலாம்.

வேகமாக நடந்து கேட்டை எட்டினார். இடுப்பு வளையத்திலிருந்து சாவியை எடுத்து வாரியத்தின் பூட்டைத் திறந்தார். சங்கிலி அவிழ்ந்து தொங்கியது.

"கார்மெலா, உங்களிடம் பூட்டு இருக்கிறதா?"

கார்மெலா நின்றார். கைப்பையைத் திறந்து துழாவினார். மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, ஒரு பழைய முறுக்குத் துண்டு, கடைசியில் சிவப்பு வர்ணம் பூசிய கனமான பூட்டு.

"முதல் கூட்டத்திலிருந்து பையில்தான் கிடக்கிறது. இதைச் சுமந்தே என் தோள் இறங்கிவிட்டது."

ஷ்யாமளா ஓடிவந்தாள். "சார், என்ன பண்றீங்க? லீகல் கிட்ட கேக்க வேணாமா?"

"லீகல்கிட்ட இந்தச் சங்கிலில பூட்டு இருக்கா?"

"இல்ல..."

"அப்ப நான் கூப்பிட வேண்டிய ஆளுங்கள்ல அவங்க இல்லம்மா."

ஷ்யாமளாவுக்கும் ஒரு மனசு உண்டு என்பதால், போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

கார்மெலா தன் பூட்டை வாரியப் பூட்டுக்கும் பண்ணைக்காரர் பூட்டுக்கும் நடுவில் கோத்தார். 'க்ளிக்' என்றது. இழுத்துப் பார்த்தார். சேனாபதியும் இழுத்துப் பார்த்தார். கண்ணி கூடியும் சங்கிலி உறுதியாகவே இருந்தது. பழக்கதோஷத்தில் அவர் கையை நீட்டினார்.

"ஆபீஸுக்கு ஒரு டூப்ளிகேட் சாவி..."

கார்மெலா அவர் கையைப் பார்த்தார். "வார நாட்களில் எட்டிலிருந்து நாலுக்குள் என் வீட்டுக்கு வாருங்கள். கையெழுத்துப் போட்டு இரவல் வாங்கிப் போகலாம்."

முதலில் சிரித்தது வாரியத் தலைவர்தான். அதுவரை அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கிளம்பியவர்கள் திரும்பிவந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கையெழுத்து அன்று ஆகவில்லை, வரைவை மாற்ற வேண்டியிருந்தது. சாண்ட்விச் மிஞ்சியது, முறுக்கு மிஞ்சவில்லை. "வேர் பத்திரமாகத்தான் இருக்கிறது" என்று கார்மெலா சாந்தாமணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நாங்களும் இந்த மாதத்தில் அடியோடுதான் வெட்டுவோம். அடுத்த வருடம் இன்னும் நேராக வரும். வேலையெல்லாம் உங்கள் வீட்டுக்காரர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். எங்களுக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை."

"அவுரு எப்பவும் அப்படித்தானுங்க" என்றாள் சாந்தாமணி தமிழிலேயே. கார்மெலா புரிந்த மாதிரித் தலையாட்டினார்.

ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தானது. அது அனுமதித்த பூட்டு அதற்கு முன்பே தொங்கிக்கொண்டிருந்ததை வழக்கறிஞர்கள் கவனித்தார்கள், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள். டிசம்பரில் சேனாபதி சாவி வளையத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இடுப்பு லேசாக இருந்தது. கொஞ்ச நாள் நடையே கோணலாகிப்போனது என்று சாந்தாமணி எல்லோரிடமும் சொன்னாள். மே மாதம், அவர் இடத்துக்கு வந்த பெண் புல் வெட்டுவதற்கு முன் மற்றப் பூட்டுக்காரர்கள் ஐந்து பேருக்கும் போன் செய்ததாக கார்மெலா சொல்லித் தெரிந்தது. ஓடைக்கரையில் கயிறு கட்டி ஒதுக்கிவிட்டார்களாம்.

அடுத்த அக்டோபரில் செடி வெட்டும் நாளுக்கு இருவரையும் அழைத்திருந்தார்கள். பழக்கப்படி சேனாபதி சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். கேட் பூட்டியிருந்தது. 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்' என்று அவரே மாட்டிய பலகைக்குக் கீழே, கையில் சாவி எதுவும் இல்லாமல், மனைவியோடும் முறுக்கு டப்பாவோடும் நின்றார். நன்றாகத்தான் இருந்தது. வெயில் முதுகில் விழுந்தது. கேட்டுக்கு வெளியே காத்து நின்று அந்த மலையைப் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை.

"யாருக்காச்சும் போன் பண்ணுங்களே" என்றாள் சாந்தாமணி.

"வருவாங்க. நம்மதான் கால் மணி முந்தி வந்துட்டோம்."

சொல்லி வாய் மூடுவதற்குள் கார்மெலாவின் கார் வளைவில் திரும்பியது. இறங்கி, முழங்காலைப் பிடித்தபடி வந்து, சிவப்புப் பூட்டைத் திறந்து, கேட்டைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க" என்றார். மூன்று வருடக் காலி அறைகளில் சேனாபதியிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரே தமிழ் அது.

உள்ளே ஓடைக்கரை நெடுக, இடுப்பளவு உயரத்தில், சிவந்த தண்டுகள் நேர்நேராக நின்றன. சாந்தாமணி ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கணவர் காதருகே குனிந்தாள்.

"ஏனுங்க, இன்னும் பொதராட்டந்தான் கெடக்குது."

"ஆமா" என்றார் சேனாபதி. "நீ பேசாம வா."